கொள்ளிடம் படுகை ஊருக்கு வெள்ளத் திட்டம்: மார்ச் 22 கிராம சபைக்குள்ள எழுதணும், யோசனை சொல்லுங்க

படுகைக்காரன் | 18.02.2023

வணக்கம். கொள்ளிடத்துல ரெண்டு கரைக்கும் நடுவுல இருக்குற ஒரு திட்டு எங்க ஊர். பேர் வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். தொண்ணூறு வீட்டுக்கு மேல இருக்கு. கத்தரி, வெண்டை, முல்லைப்பூ, கொஞ்சம் வாழை. நான் சீர்காழியில டி.டி.பி. கடை வெச்சிருக்கேன். "தீர்மானம் நீதான் எழுதணும்"னு ஊர்ல என் தலையில கட்டிட்டாங்க.

போன வருஷம் எங்களுக்கு ரெண்டு தண்ணி. ஆகஸ்ட்ல மேட்டூர்ல வினாடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல திறந்தாங்க. வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, சுள்ளுனு வெயில், வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. நாதல்படுகை, முதலைமேடு திட்டுன்னு பேப்பர்ல வந்துச்சே, அதே சமயம்தான். அப்புறம் நவம்பர் 11. சீர்காழியில ஒரே நாள்ல 44 செ.மீ. மழை. அன்னிக்கு ஆறு சும்மா கிடந்துச்சு. கரைக்கு வெளியில "பத்திரமா" இருந்த எங்க மாமா குடும்பம் மூழ்கிப் போய், ஆத்துக்குள்ள இருக்குற எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் தங்கினாங்க. சிரிக்கிறதா அழுவுறதா தெரியல.

மூணாவது தண்ணிய யாரும் வெள்ளம்னு சொல்றதில்ல. சித்திரை வைகாசியில அடிபம்புல உப்பு. எங்க அம்மா சோறு வடிக்கிற தண்ணிய கரைக்கு மேல போய் தூக்கிட்டு வருது.

ஊர்ல பெருசுங்க "சுத்தி சுவர் கட்டிக் கேளு"ங்கறாங்க. பசங்க "கரைக்கு வெளியில மனைப்பட்டா கேளு"ங்கறாங்க. மேலேருந்து வந்த ஒரு திட்டத்துல எங்க ஊருக்கு ஒரே ஒரு வரி: "அதிகம் பாதிக்கப்படும் பகுதி. நிவாரண மையம்: பள்ளிக்கூடம்." அந்தப் பள்ளிக்கூடம் எங்க வீட்டை விடப் பள்ளத்துல இருக்கு.

என்ன எழுதட்டும்?

ஓய்வு ஏ.இ. | 18.02.2023

தம்பி, முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கொம்பில் 1836-இல் மேலணை கட்டிய நாளிலிருந்து கொள்ளிடத்தின் வேலை ஒன்றுதான்: காவிரி தாங்காத தண்ணீரை வாங்கிக் கடலில் கொண்டுபோய் விடுவது. டெல்டா முழுவதும் தப்பிக்க வேண்டுமென்றால் உங்கள் ஊர் வழியாகத்தான் தண்ணீர் போக வேண்டும். இதில் நியாயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏற்பாடு அப்படி.

ஆகையால் சுவர் வேண்டாம். ஆற்றுக்குள் சுவர் எழுப்பினால் அந்தத் தண்ணீர் எதிர்க்கரையை அடிக்கும். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

கேட்பதற்கு முன்னால் நீங்களே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொள்ளிடத்தின் கீழணை இருக்கும் அணைக்கரையில் இத்தனை ஆயிரம் கனஅடி என்று தினமும் செய்தி வருகிறது. அது உங்கள் ஊரில் எத்தனை அடி? யாருக்காவது தெரியுமா? நான் முப்பது வருடம் உதவிப் பொறியாளராக (ஏ.இ.) வேலை பார்த்தேன். கனஅடியைப் படிக்கட்டுக் கணக்காக மாற்றிச் சொன்ன ஒரு ஊரைக்கூடப் பார்த்ததில்லை.

சந்தேகப்பேய் | 19.02.2023

ஆத்துக்குள்ள வீட்டைக் கட்டிட்டு ஆறு வீட்டுக்குள்ள வருதுன்னா என்ன சொல்றது? வரிப்பணம்தான் வருஷா வருஷம் போகுது.

படுகைக்காரன் | 19.02.2023

அண்ணே, எங்க தாத்தா அந்தத் திட்டுல வண்டல் பாத்துக் குடியேறினவர். ஊர்ப் பேர்லயே "திட்டு"ன்னு இருக்கு. தண்ணி வந்தா மூழ்காத மேடுன்னு அர்த்தம். தண்ணி ஒரு தடவை வந்துட்டுப் போனா மூணு வருஷத்துக்கு உரம் வேண்டாம். நீங்க சந்தையில வாங்குற கத்தரிக்காய் எங்கேருந்து வருதுன்னு ஒரு நாள் கேட்டுப் பாருங்க. மணல் அள்ளி அள்ளி ஆத்துத் தரையே இறங்கிப்போச்சு, கடல் உள்ள வருது. அதை யார் அள்ளினது, எங்க தாத்தாவா?

*(இதற்குப் பின் வந்த ஆறு பதிவுகள் நீக்கப்பட்டன. எந்தக் கட்சி ஆட்சியில் எத்தனை லாரி மணல் போனது என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். — மட்டுறுத்துநர்)*

முகத்துவாரம் | 20.02.2023

நான் கொள்ளிடம் கடல்ல சேர்ற பழையாறு பக்கம். போட் வெச்சிருக்கோம். ஏ.இ. சார் சொன்ன கணக்குல ஒண்ணு விட்டுட்டாரு. கனஅடி மட்டும் பாத்தா ஏமாந்துடுவீங்க. பிறையைப் பாக்கணும்.

அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏத்தம் ஜாஸ்தி. அந்த நேரத்துல ஆத்து வெள்ளம் முகத்துவாரத்துக்கு வந்தா கடல் வாங்காது. முட்டிக்கிட்டு நிக்கும், மேல ஊருக்குள்ள ஏறும். அஷ்டமிப் பக்கம் வந்தா அதே தண்ணி விறுவிறுன்னு இறங்கிடும். எங்க அப்பா போட் கட்டுற கயிற்றை வெச்சே சொல்லிடுவார். போன ஆகஸ்ட் வெள்ளம் உச்சத்துல இருந்தப்ப வளர்பிறை அஷ்டமி. நீங்க இடுப்பளவோட தப்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நெனக்கிறேன்.

ஓய்வு ஏ.இ. | 20.02.2023

முகத்துவாரம் சொல்வது சரி. விட்டது என் தவறுதான். நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் குஜராத் போலப் பல மீட்டர் கிடையாது, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் சரிவும் மிகக் குறைவு. தட்டையான தட்டில் விளிம்பை ஒரு விரல் தூக்கினால் தண்ணீர் எவ்வளவு தூரம் பின்னால் போகும், அதுபோல.

கடல் மட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உலகச் சராசரியாக 1901-க்கும் 2018-க்கும் இடையில் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்பது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கு. 2006-இலிருந்து 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகம். இன்னொரு பக்கம், 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்குகிறது. வண்டல் வராத டெல்டா மெல்லத் தாழும். கடல் ஏறுகிறது, தரை இறங்குகிறது, நடுவில் உங்கள் அடிபம்பு.

படுகைக்காரன் | 20.02.2023

3.7 மி.மீ.ன்னா பத்து வருஷத்துக்கு ரெண்டு விரக்கடை. இப்படிச் சொன்னாத்தான் எங்க ஊர்ல ஏறும் சார்.

குளிர்நாட்டான் | 21.02.2023

நெதர்லாந்துல இருக்கேன், சொந்த ஊர் மாயவரம். இங்க நடந்த ஒண்ணைச் சொல்லலாமா? "அங்க பணம் இருக்கு"ன்னு உடனே வராதீங்க, விஷயம் பணத்துல இல்ல.

1995-ல ஆத்து வெள்ளத்துக்குப் பயந்து ரெண்டரை லட்சம் பேரை வெளியேத்தினாங்க. அதுவரைக்கும் கரையை உசத்து, இன்னும் உசத்துன்னு இருந்த அரசாங்கம், "ஆற்றுக்கு இடம்"னு ஒரு திட்டம் போட்டுச்சு. கரையை ஆத்தை விட்டுத் தள்ளி வெச்சு ஆத்துக்கு இடம் விடுறது. ஓவர்டீப்ஸ போல்டர்னு ஒரு இடம், 17 விவசாயக் குடும்பம். வெள்ளம் பெருசா வந்தா உங்க நிலத்துல தண்ணி விடுவோம்னு சொன்னதும், அவங்க "போக மாட்டோம்"னு மட்டும் சொல்லிட்டு உக்காரல. தாங்களே ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தாங்க: கரையோரமா வரிசையா மண்மேடு போடுங்க, வீட்டையும் மாட்டுக் கொட்டகையையும் மேட்டுல வெச்சிக்கிறோம், வயல்ல தண்ணி வரட்டும். 6 மீட்டர் உயரத்துல எட்டு மேடு. எட்டுக் குடும்பம் தங்கிச்சு, மத்தவங்க ஈட்டுத்தொகை வாங்கிட்டு வேற இடம் போனாங்க. இதனால வெள்ள நேரத்துல ஆத்து மட்டம் ஏறத்தாழ 27 செ.மீ. குறையுதுன்னு கணக்கு.

அந்த மேட்டுக்கு இவங்க வெச்சிருக்குற பேர் "டெர்ப்". ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழக்கம். உங்க ஊர்ப் பேரைப் பாத்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. நீங்க "திட்டு"ங்கறீங்க.

சந்தேகப்பேய் | 21.02.2023

17-ல 9 குடும்பம் போயிடுச்சு. அதையும் சேத்துப் படிங்க.

குளிர்நாட்டான் | 21.02.2023

உண்மைதான். ஆனா போறதா இருக்கறதான்னு ஒவ்வொரு குடும்பமும் கணக்குப் பாத்து முடிவு பண்ணுச்சு. லாரியில ஏத்தி அனுப்பல.

மகிழம்பூ | 22.02.2023

எல்லாரும் அடி, மீட்டர்னு பேசுறீங்க. வெள்ளம் வர்ற ராத்திரி வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு நான் சொல்றேன். எங்க ஊரும் கரையோரம்தான், மகளிர் குழு பொறுப்புல இருக்கேன்.

மைக்ல சொல்லிட்டுப் போவாங்க. யாரும் கிளம்ப மாட்டாங்க. ஏன்? மாடு. கறவை மாட்டை ஆத்துல விட்டுட்டு எந்தப் பொம்பளை பள்ளிக்கூடத்துக்குப் போவா? ஆடுன்னா தோள்ல போட்டுக்கலாம், மாட்டை என்ன பண்றது. கடைசி நேரத்துல கழுத்தளவு தண்ணியில மாட்டைப் பிடிச்சிட்டு நிக்கும்போதுதான் உயிர் போகுது. அதனால கரைமேல மாடு கட்ட இடம், ஒரு வாரத்து வைக்கோல், தண்ணித் தொட்டி. இதை முதல் வரியா எழுது தம்பி, மனுஷங்களுக்கு இடம் கேக்குறதுக்கு முன்னாடி. மாடு போனா மனுஷன் தானா பின்னால போவான்.

அடுத்தது கக்கூஸ். நிவாரண மையத்துல முந்நூறு பேருக்கு ரெண்டு. வயசுப் பொண்ணுங்க மூணு நாள் தண்ணி குடிக்காம இருந்ததை நானே பாத்தேன். அடுத்தது கரண்ட். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவாங்க, நிறுத்தித்தான் ஆகணும். ஆனா போன் செத்துப்போனா உங்க குறுஞ்செய்தி எச்சரிக்கை யாருக்கு? ஒரு சோலார் சார்ஜர் கோயில் மேடையில இருந்தா போதும்.

ரேஷன் கார்டு, பட்டா, பேங்க் புக் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு, ஆடி ஒண்ணாந்தேதியே கரைமேல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுல குடுத்துடணும். போன ஆகஸ்ட்ல ரேஷன் கார்டு ஊறிப்போனவங்க நவம்பர்ல ஆயிரம் ரூபாய் வாங்க அலைஞ்ச கதை ஒரு தனி இழைக்கு வரும்.

திருவாரூர் நண்டு | 22.02.2023

அக்கா சொன்னதை அப்படியே எழுதுங்க. பயிர் பத்தி நான் ஒண்ணு சேக்குறேன், கரைக்கு வெளியில நெல் போடுறவங்களுக்கு. சி.ஆர். 1009 சப்-1 ரெண்டு வாரம் வரைக்கும் மூழ்கினாலும் தாங்கும். பழைய ரகத்துல மடுமுழுங்கின்னு பேர்லயே இருக்கு. உப்புக்கு வேதாரண்யம் பக்கத்துக் குழிவெடிச்சான். விதைக்கு இப்பவே சொல்லி வெச்சாத்தான் உண்டு.

அலையாத்தி நடுறது பத்தியும் யாராவது வருவீங்க. பிச்சாவரத்துல மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஏத்தத் தண்ணிய உள்ள விட்டு வளத்தாங்க, சுனாமி அன்னிக்குக் காட்டுக்குப் பின்னால இருந்த ஊர் தப்பிச்சதும் உண்மை. ஆனா அது கடல்லேருந்து வர்ற அலைக்கு. மேட்டூர்லேருந்து வர்ற தண்ணிக்கு அந்தக் காட்டுச் சுரபுன்னை மரம் என்ன பண்ணும்?

படுகைக்காரன் | 25.02.2023

நேத்து ஊர்க்கூட்டம் போட்டோம். கோயில் மண்டபத்துல நாப்பது பேர். நீங்க எழுதினதையெல்லாம் வாசிச்சேன்.

முதல்ல கணக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் போன ஆகஸ்ட் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு கேட்டோம். சுவத்துல சேத்துக் கறை இன்னும் இருக்கு, பொய் சொல்ல முடியாது. ஒரு ஆயா கதவு நிலையில கரிக்கட்டையால கோடு போட்டு வெச்சிருந்துச்சு: 2005-க்கு ஒண்ணு, 2018-க்கு ஒண்ணு, 2022-க்கு ஒண்ணு. எழுதப் படிக்கத் தெரியாது. 2018 கோட்டுக்குப் பக்கத்துல மட்டும் ஒரு சின்ன வட்டம். என்ன ஆயான்னு கேட்டா, "அது முக்கொம்புல மதகு ஒடைஞ்ச வருஷம்டா, அதான் முட்டை போட்டேன்"னு சொல்லுச்சு. ஒன்பது ஷட்டர் போச்சே, அந்த வருஷம். ஏ.இ. சார், நீங்க முப்பது வருஷமா தேடின ஆள் எங்க தெருவுலதான் இருக்கு.

இடம் மாறுறதுல பயங்கரச் சண்டை. மனைப்பட்டா குடுத்தாப் போறோம்னு முப்பது வீடு கை தூக்குச்சு. ஆனா "படுகை நிலத்தை விட்டுக் குடுத்துட்டுத்தான் போகணும்னா?"ன்னு ஒருத்தர் கேட்டதும் இருபது கை இறங்கிடுச்சு. பாதிப் பேர்கிட்ட நிலத்துக்குப் பட்டாவே இல்ல, ஆத்துப் புறம்போக்கு. போனா திரும்பி வர வழி இருக்காதுன்னு பயம்.

ஓய்வு ஏ.இ. | 25.02.2023

அந்த அம்மாளின் நிலைக் கதவைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். அளவுநாடா வைத்து, தரையிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் செ.மீ. குறித்து. பிறகு அந்த வருடங்களில் அணைக்கரை வழியாகப் போன கனஅடியை நீர்வளத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்டாலும் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதுதான் உங்கள் ஊர்த் திட்டத்தின் முதல் பக்கம்.

இடமாற்றத்தில் ஒரு வார்த்தை. "குடியிருப்பு வேறு, சாகுபடி வேறு" என்று பிரித்து எழுதுங்கள். இரவில் படுப்பது கரைக்கு வெளியே, பகலில் பயிர் செய்வது படுகையில். இதை ஒரே தீர்மானத்தில் கலந்தால் இரண்டும் கெடும்.

சந்தேகப்பேய் | 26.02.2023

இது எனக்கும் நியாயமாப் படுது. ஒரு சந்தேகம். கொள்ளிடத்துக்குக் குறுக்கே கதவு வெச்சுத் தண்ணியத் தேக்குற ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை 2014-ல அறிவிச்சாங்களே, அது வந்தா உப்பு உள்ள வர்றது நிக்காதா? தனியா எதுக்கு இவ்வளவு?

ஓய்வு ஏ.இ. | 26.02.2023

கதவணைக்கு மேலே இருப்பவர்களுக்கு நன்மை உண்டு. நல்ல தண்ணீர் தேங்கும், நிலத்தடியில் இறங்கும். அதற்குக் கீழே கடல் வரைக்கும் உள்ள ஊர்களுக்கு அது பதில் ஆகாது. வெள்ளத்தையும் அது தடுக்காது. வெள்ளம் வந்தால் கதவுகளைத் தூக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் கதவணையே போய்விடும்.

முகத்துவாரம் | 27.02.2023

போட் பத்தி எழுதிட்டீங்களா? வெள்ளம்னா எங்களைக் கூப்பிடுவாங்க, வர்றோம். 2018-ல கேரளாவுல மீனவங்கதான் போட்டைத் தூக்கிட்டுப் போய்க் காப்பாத்துனாங்க, நாங்களும் சளைச்சவங்க இல்ல. ஆனா டீசல் யார் குடுக்குறது? கயிறு, லைஃப் ஜாக்கெட்? ஆத்துல கம்பி வேலி, பம்புசெட் குழாய் எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது; போன தடவை ஒரு போட்டுல புரொப்பல்லர் போச்சு. உங்க ஊர்ப் பையன் ஒருத்தன் முன்னால உக்காந்து வழி சொல்லணும். அந்தப் பையன் பேரு இப்பவே எழுதிடுங்க.

படுகைக்காரன் | 23.03.2023

நேத்து கிராம சபை முடிஞ்சுது. நாலு தீர்மானம் போச்சு. கரைமேல மாடு கட்டுற மேடும் கொட்டகையும். பள்ளிக்கூடத்தை நிவாரண மையப் பட்டியல்லேருந்து எடுத்துட்டு, கரைக்கு வெளியில இருக்குற ஒரு கட்டடத்தைக் கக்கூஸ் வசதியோட சேக்கணும். படுகை சாகுபடி உரிமையை விடாம, விருப்பப்படுறவங்களுக்கு மனைப்பட்டா. போட்டுக்கு டீசல் செலவை ஊராட்சியே முன்பணமா வைக்கணும்.

அஞ்சாவதுக்கு யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல. குடிதண்ணித் தொட்டித் தூண்ல பெயின்ட்ல அளவுக்கோடு போட்டோம், ஆத்துப் படித்துறையில ஒரு கல்லையும் நட்டு அதுலயும் கோடு. ஆயா வீட்டு நிலையிலேருந்து ரப்பர் குழாயில தண்ணி ஊத்தி மட்டம் பாத்து 2022 கோட்டைத் தூணுக்கு மாத்தினோம், சிவப்புல. ஒரு நோட்டு, டீக்கடையில தொங்குது: தேதி, அணைக்கரை கனஅடி, பிறை, கல்லுல எத்தனை.

நாலு தீர்மானமும் என்ன ஆகும்னு தெரியாது. நோட்டு நம்ம கையில இருக்கு.

படுகைக்காரன் | 06.08.2024

பழைய இழையைத் தூசு தட்டுறேன். மேட்டூர்ல 1.70 லட்சம் கனஅடி விட்டாங்கள்ல, எங்களுக்கும் வந்துட்டுப் போச்சு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு ஏற ஆரம்பிச்சுது, மறுநாள் ஆடி அமாவாசை. முகத்துவாரம் அண்ணே, உங்களைத்தான் நெனச்சிக்கிட்டேன்.

2022-ஐ விடக் கம்மியான தண்ணி, ஆனா தூண்ல சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண்தான் கீழ நின்னுச்சு. நோட்டைப் பாத்துட்டு "அமாவாசை வருது, கனஅடியை நம்பாதீங்க"ன்னு ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிட்டோம். அறுபது மாடு கரையேறிடுச்சு. ஒண்ணுகூடப் போகல.

நடக்காததையும் சொல்லிடுறேன். மாட்டுக் கொட்டகை இன்னும் வரல, தார்ப்பாய்தான். வைக்கோல் ரெண்டாம் நாளே தீந்துடுச்சு. டீசல் பணத்தை நாங்களே வசூல் பண்ணினோம். மனைப்பட்டா "பரிசீலனை"யில இருக்கு. கத்தரி முழுசும் போச்சு.

ஓய்வு ஏ.இ. | 06.08.2024

மாடுகள் பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் இரண்டு வெள்ளத்தை வைத்து "அமாவாசைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடையில் மணல்மேடு நகர்ந்திருக்கலாம், கருவேலம் அடைத்திருக்கலாம். இன்னும் நாலைந்து வரி நோட்டில் ஏறட்டும்.

மகிழம்பூ | 07.08.2024

வைக்கோலுக்கு எங்க குழுவுல சொல்லியிருக்கேன். அடுத்த ஆடிக்கு முன்னாடி ஒரு லோடு கரைமேல இருக்கும். ஆயா எப்படி இருக்கு?

படுகைக்காரன் | 07.08.2024

நல்லா இருக்கு அக்கா. தூண்ல இருக்கு, நோட்டுல இருக்குன்னு எவ்வளவு சொல்லியும் கேக்காம, நிலையில நாலாவது கோடு போட்டுடுச்சு.

படுகைக்காரன் | 27.04.2025

ஏ.இ. சார் கேட்ட வரி ஒண்ணு. இன்னிக்குச் சித்திரை அமாவாசை. மேலேருந்து ஒரு சொட்டு வரல, பாசனத்துக்கு மேட்டூர் மூடித்தான் இருக்கு. காலையில போய்ப் பாத்தேன், கல்லுல நேத்தைக்கு இருந்ததை விட மூணு விரக்கடை ஏறியிருக்கு. நாக்குல வெச்சுப் பாத்தேன், உப்பு. நோட்டுல எழுதியாச்சு.